பேஸ்மேக்கர் வைத்த பிறகும் வாப்பாவுக்கு ஏன் இளைத்தது?



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் இருதய நோயாளி இருக்கிறவர்கள் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

எங்கள் வாப்பாவுக்குப் பேஸ்மேக்கர் பொருத்தி ஐந்து மாதம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சுகம் விசாரித்தவர்கள், கோல் எடுத்தவர்கள், துஆ செய்தவர்கள் எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு ஹைரன். அல்ஹம்துலில்லாஹ், வாப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் இடையில் இரண்டு மாதம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஏனென்றால் இதே மெஷின் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்த வேறு சிலரின் பிள்ளைகளும் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மெஷின் வெச்ச பிறகும் இளைக்குதே, இது சரிதானா?"

நாங்கள் டொக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள். இருதய வைத்தியர் சொன்னதையும், கிளினிக்கில் மெஷினைப் பார்க்கிற தொழில்நுட்பவியலாளர் சொன்னதையும், தேடி வாசித்ததையும், வீட்டில் கண்டதையும் மட்டும் சொல்கிறோம்.

வாப்பாவுக்கு 67 வயது. காத்தான்குடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். நாற்பது வருசத்துக்கும் மேலாக அந்த ஆற்றில்தான் வீச்சு வலை வீசி எங்களைப் படிப்பித்தார். ஒரு நாள் சுபஹுக்குப் பிறகு தோணியைக் கரைக்கு இழுக்கும்போது கண் இருட்டி விழுந்தார். ஆஸ்பத்திரியில் நாடி பார்த்தபோது நிமிசத்துக்கு 34. ஈசிஜி எடுத்துவிட்டு "ஹார்ட் புளொக்" என்றார்கள்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. புளொக் என்றதும் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் இரத்தக் குழாய் அடைப்பு என்றே நினைத்தார்கள். "ஸ்டென்ட் வெச்சாச்சா?" என்று கேட்டார்கள். இது வேறு புளொக். இருதயத்தின் மேலறையில் இயற்கையாகவே ஒரு மின்சாரத் துடிப்பு உண்டாகிறது. அது நடுவில் ஒரு சந்தியைக் கடந்து கீழறைக்குப் போக வேண்டும். அந்தச் சந்தியை 1906இல் விவரித்தவர் சுனாவோ தவாரா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர். வாப்பாவுக்கு அந்த வழிதான் அறுந்துபோயிருந்தது. குழாயில் பிழை இல்லை, வயரிங்கில்தான் பிழை. அதனால்தான் வெளியிலிருந்து ஒரு வயரை விட்டு, இடது தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னப் பெட்டியை வைக்கிறார்கள். அந்தப் பெட்டிதான் பேஸ்மேக்கர்.

உலகத்தில் முதன்முதலில் உடலுக்குள் இதைப் பொருத்திக்கொண்டவர் சுவீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். 1958 ஒக்டோபர் 8இல் ஸ்டொக்ஹோமில் நடந்தது. செய்து கொடுத்தவர் ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியியலாளர், பொருத்தியவர் ஓகே செனிங் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். சப்பாத்துப் பொலிஷ் டின்னை அச்சாக வைத்துத்தான் அந்த மெஷினை வார்த்தார்களாம். முதல் மெஷின் சில மணித்தியாலங்கள்தான் ஓடியது. ஆனால் லார்சன் அதற்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மெஷின்களை மாற்றி மாற்றி, செய்தவரும் பொருத்தியவரும் மௌத்தான பிறகும் உயிரோடு இருந்து, 2001இல் 86 வயதில்தான் இறந்தார். அதுவும் இருதய நோயால் அல்ல. இந்தக் கதையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து வாப்பாவுக்குச் சொன்னோம். "அப்ப எனக்கு இன்னும் பத்தொம்பது வருசம் இரிக்கி" என்று சிரித்தார்.

முதல் ஆறு கிழமை இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். உள்ளே விட்ட வயர் இருதயத் தசையில் பிடித்துக்கொள்ளும் வரைக்கும் அது விலகிவிடாமல் இருப்பதற்காக. தொழுகையில் தக்பீர் கட்டும்போது கை தானாக மேலே போகிறதல்லவா? அறுபது வருசப் பழக்கம். உம்மா பக்கத்தில் நின்று "கைய பாருங்க, கைய பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பா. அதற்காகக் கையைக் கட்டிப் போட்டதுபோல அசைக்காமல் வைத்திருப்பதும் பிழை, தோள் இறுகிப்போகும். தோளுக்குக் கீழே சாதாரணமாக அசைக்க வேண்டும்.

காயம் ஆறியது. மயக்கம் வரவே இல்லை. நாடி 60. எல்லோருக்கும் நிம்மதி.

பிறகுதான் இளைப்பு தொடங்கியது.

வாப்பா அதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு நாலு நிமிச நடை. அந்தப் பாதையில் வாப்பா மூன்று இடத்தில் நிற்கத் தொடங்கினார். முதலில் பேக்கரி வாசலில் ஸலாம் சொல்லி நிற்பார். பிறகு சைக்கிள் திருத்துகிற கடையில். பிறகு பள்ளிவாசல் கேட்டுக்கு முன்னால் போனை எடுத்துப் பார்ப்பார். வாப்பாவுக்கு வாசிக்க ஒரு மெசேஜும் வருவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். காக்கா ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "கதைக்கிறதுக்கு நிக்கல்ல. மூச்சு எடுக்கத்தான் நிக்கிறார்."

கேட்டால் ஒரே பதில். "ஒண்டுமில்ல மகள், வயசு போகுதுதானே."

வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். வயசு என்றார்கள். கவலை என்றார்கள். உள்ளே இரும்பு இருந்தால் அப்படித்தான் என்றார் ஒருவர். சபுர் செய்யுங்கள் என்றார்கள். சபுர் பெரிய விடயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மருந்து செய்யச் சொன்னதும் அதே மார்க்கம்தானே. ஓர் இடத்தில் காட்டியபோது, நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுத் தொய்வு என்று பம்ப் ஒன்றை எழுதித் தந்தார்கள். மெஷின் வைத்திருப்பதைச் சொன்னோம். "அது வேற, இது வேற" என்று பதில் வந்தது.

அது வேற, இது வேற அல்ல. இருதயத்தில் பிழை வந்தால் அது ஏன் மூச்சில் தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். உடம்பெல்லாம் சுற்றிய இரத்தம் இருதயத்தின் வலது பக்கம் வந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போய்க் காற்றைச் சேர்த்துக்கொண்டு இடது பக்கம் திரும்புகிறது. இதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் டமஸ்கஸில் படித்துக் கெய்ரோவில் வைத்தியம் பார்த்த இப்னு நபீஸ். அந்தக் கையெழுத்துப் பிரதியை 1924இல் பேர்லினில் ஓர் எகிப்திய வைத்தியர் கண்டெடுக்கும் வரை உலகம் அதை மறந்திருந்தது. இருதயமும் நுரையீரலும் ஒரே ஓட்டத்தின் இரண்டு பக்கம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை இன்னும் இலேசாகச் சொல்லலாம். முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கும்போது மாரி மழை கொட்டினால் என்ன நடக்கும்? ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் பின்னுக்கு ஏறும். படுவான்கரை வயல் தாழும். வயலில் நின்று பார்த்தால் தண்ணீர்தான் பிரச்சினை போலத் தெரியும். ஆனால் வெட்ட வேண்டியது முகத்துவாரத்தை. இருதயத்தின் இடது பக்கம் இரத்தத்தைச் சரியாக வெளியே தள்ளாவிட்டால் அது நுரையீரலுக்குப் பின்னேறுகிறது. மூச்சு முட்டுகிறது. நுரையீரலுக்குப் பம்ப் அடித்துப் பலனில்லை.

பேஸ்மேக்கர் வைத்த பிறகு இளைப்பு வந்தால் காரணம் ஒன்றல்ல, பல. எந்தக் காலத்தில் வருகிறது என்பதும் முக்கியம்.

முதல் ஓரிரு நாளில் திடீரென்று வந்தால்: வயர் போடுவதற்காகக் கழுத்தெலும்புக்குக் கீழே நரம்பைக் குத்தும்போது சிலவேளை ஊசி நுரையீரல் உறையைத் தொட்டுவிடும். காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கும். நூறு பேரில் ஒருவர் இருவருக்கு நடக்கக்கூடியது. பொருத்திய பிறகு எக்ஸ்ரே எடுப்பது இதையும் பார்க்கத்தான். அரிதாக, வயரின் நுனி இருதயச் சுவரைத் துளைத்து, இருதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கும். அது ஆபத்து, உடனே பார்க்க வேண்டும்.

முதல் சில கிழமைகளில் வந்தால்: வயர் இடம் விலகியிருக்கலாம். அப்போது பழைய தலைச்சுற்று, மயக்கம் திரும்ப வரும். சிலருக்கு நிற்காத விக்கலும் வரும்.

நடமாடத் தொடங்கும்போது வந்தால்: மெஷினின் செட்டிங் அந்த ஆளுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். ஒரு வயர் மட்டும் போட்டவர்களுக்கு மேலறையும் கீழறையும் ஒன்றுக்கொன்று ஒத்துத் துடிக்காததால் இளைப்பு, களைப்பு, கழுத்தில் துடிப்பு எல்லாம் வரலாம். அதற்கென்றே வைத்தியத்தில் ஒரு பெயர் இருக்கிறது, பேஸ்மேக்கர் சின்ட்ரோம்.

மாதங்கள், வருசங்கள் கழித்து வந்தால்: ஒரே பக்கத்திலிருந்து துடிப்பைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் சிலருக்கு இருதயத் தசை பலவீனப்படலாம். அதை எக்கோ ஸ்கேனில்தான் காணலாம்.

இவை தவிர இரத்தச்சோகை, நெஞ்சுச் சளி, நாடியைக் குறைக்கிற மாத்திரை, கிழமைக்கணக்கில் படுத்திருந்ததால் வந்த உடல் பலவீனம், பயம் என்று வேறு காரணங்களும் உண்டு. இவ்வளவு இருக்கும்போது "வயசு" என்ற ஒற்றைச் சொல்லோடு எப்படித் திருப்திப்படுவது?

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்த ஒரு விடயம் இருக்கிறது. ஒரு பிள்ளை படிக்குதில்லை என்று சொல்லாதே. எந்தப் பாடத்தில், எந்த இடத்தில், எப்போது தடுமாறுகிறது என்று கண்டு குறித்து வை. வீட்டில் அதைச் செய்தோம். 80 பக்கக் கொப்பி ஒன்று எடுத்துக் கோடு போட்டோம். திகதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தார், நாடி எத்தனை, மூச்சு அடங்க எத்தனை நிமிசம். மூச்சை அளப்பதற்கு எங்களிடம் கருவி இல்லை. வாப்பாவிடம் சூரா ஃபாத்திஹாவை ஓதச் சொன்னோம். இருந்த இடத்தில் இருந்து ஓதினால் நிதானமாக, வழமைபோல. பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பியதும் ஓதினால் ஒரு ஆயத்துக்கே இரண்டு தரம் மூச்சு எடுத்தார். உம்மா அதைக் கேட்டுவிட்டு எழும்பி குசினிக்குப் போய்விட்டா.

இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று எழுதினோம். எப்போதும்போல ஒன்றுதான். கால் வீங்குகிறதா என்று பார்த்தோம். இல்லை. கிழமைக்கு இரண்டு நாள் நிறை பார்த்தோம். ஏறவில்லை. இதெல்லாம் நுரையீரலில் நீர் சேர்வதற்கான அடையாளங்களைப் பார்ப்பதற்கு.

பத்து நாள் முடிந்து கொப்பியைத் திறந்து பார்த்தபோது நாடி எழுதிய வரிசைதான் எங்கள் கண்ணில் பட்டது. காலையில் படுக்கையில் 60. சாப்பிட்ட பிறகு 60. பள்ளிவாசலுக்கு வேகமாக நடந்து வந்ததும் 60. தம்பியின் சைக்கிளில் ஏறி ஆற்றங்கரை வரை போய் வந்து, வாசலில் பேச முடியாமல் குந்தியபோதும் 60.

ஓடி விளையாடிவிட்டு வருகிற பிள்ளையின் நாடியைப் பிடித்துப் பாருங்கள், 120க்கும் மேலே இருக்கும். உடம்பு வேலை செய்தால் இருதயம் வேகமாக அடிக்க வேண்டும். வாப்பாவின் இருதயம் தோணி இழுக்கும்போதும் தூங்கும்போதும் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

கொப்பியையும், மெஷினுக்குத் தந்த சின்னக் கார்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குப் போனோம். துண்டு வெட்டும்போது தந்த அந்தக் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்று எங்களுக்கு ஒருவரும் விளக்கவில்லை. கிளினிக்கில் இருந்த இளம் வைத்தியர் கொப்பியை முழுவதும் வாசித்தார். அதற்கே அவருக்கு நாங்கள் துஆ செய்கிறோம். பிறகு மெஷினைப் பார்க்கிறவரைக் கூப்பிட்டார். அவர் கணினி போன்ற ஒன்றைக் கொண்டுவந்து, அதில் தொங்கிய கருவியை வாப்பாவின் நெஞ்சில், சட்டைக்கு மேலேயே வைத்தார். வெட்டவில்லை, குத்தவில்லை. பட்டரி நல்லம். வயர் நல்லம். துடிப்பு நல்லம். "வேகம் கூட்டுற செட்டிங்க இன்னும் போடல்ல" என்றார்.

கார்டில் நாலு எழுத்து இருந்தது: வீவீஐஆர். முதல் எழுத்து எந்த அறையைத் துடிக்க வைக்கிறது என்பது. இரண்டாவது எந்த அறையைக் கவனிக்கிறது என்பது. மூன்றாவது, இருதயம் தானாகத் துடித்தால் மெஷின் என்ன செய்யும் என்பது. நாலாவது 'ஆர்', ஆள் அசையும்போது வேகத்தைக் கூட்டுவது. வாப்பாவின் மெஷினுக்கு அந்தத் திறமை இருந்தது, ஆனால் திறக்கப்படவில்லை. லார்சனுக்கு வைத்த மெஷினுக்கு ஒரே வேகம்தான் தெரியும். 1980களிலிருந்துதான் ஆளுக்கேற்ப வேகத்தை மாற்றும் மெஷின்கள் வரத் தொடங்கின. எங்கள் வாப்பா இந்தக் காலத்து மெஷினோடு அந்தக் காலத்து மனிதராக இரண்டு மாதம் நடந்திருக்கிறார்.

செட்டிங்கை மாற்றிவிட்டு நடைபாதையில் இரண்டு தரம் நடந்து வரச் சொன்னார்கள். நாடி 88. வாப்பா எங்கள் முகத்தைப் பார்த்தார். "காத்து வருது புள்ள" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அந்த மெஷின் உடம்பின் அசைவை வைத்துத்தான் ஆள் வேலை செய்கிறார் என்று கண்டுபிடிக்கிறது. நடந்தால் நெஞ்சு குலுங்கும், அதற்குத் தெரியும். சைக்கிள் மிதிக்கும்போது கால்தான் வேலை செய்கிறது, நெஞ்சு அதிகம் அசைவதில்லை, அதனால் வேகத்தைப் போதுமான அளவு கூட்டாது. மாடிப்படி இறங்கும்போது ஏறும்போதைவிட வேகம் கூடுவதும் இதனால்தான். ஆகவே வாப்பா கல்லடிப் பாலம் வரை சைக்கிளில் போவதை விட்டுவிட்டார். நடக்கிறார். வீச்சு வலையை இப்போதைக்குத் தம்பிதான் வீசுகிறான். வாப்பா கரையில் நின்று "இடப்பக்கம் வீசு, இடப்பக்கம்" என்று சத்தம் போடுகிறார். சத்தம் போடுவதற்கு மூச்சு இருக்கிறது. வருசத்துக்கு ஒரு முறை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும், இளைப்பு திரும்ப வந்தால் இரண்டாவது வயர் தேவையா என்று யோசிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டில் இருப்பவருக்கும் இதே காரணம்தான் என்று நினைக்க வேண்டாம். அவரவர் காரணம் வேறாக இருக்கும். நாங்கள் சொல்ல வருவது இதுதான்: மெஷினைப் பொருத்துவதோடு வேலை முடிவதில்லை, அதை அந்த ஆளுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். அதற்குத் தகவல் நோயாளியின் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிசம். "இளைக்குது" என்று சொன்னால் அதில் பாதி போய்விடும். "நாலு நிமிசம் நடந்தால் மூன்று தரம் நிற்கிறார், அப்போதும் நாடி 60" என்று சொன்னால் வைத்தியருக்கு வழி தெரியும்.

கவனிக்க வேண்டியவை:

1. ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் அல்லது மயக்கம் வருவது போன்ற நிலை, உதடு நீலம் பாய்தல் இருந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

2. நாடி, மெஷினில் வைத்திருக்கிற குறைந்த எண்ணை விடக் குறைவாக இருந்தால் அன்றே காட்டுங்கள். அந்த எண் எத்தனை என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வையுங்கள்.

3. நிமிர்த்திப் படுக்க முடியாமல் தலையணை கூடிக்கொண்டு போவது, கால் வீக்கம், சில நாளுக்குள் இரண்டு கிலோ நிறை ஏறுவது ஆகியவை நீர் சேர்வதன் அடையாளம்.

4. காயம் சிவந்து வீங்கினால், சூடாக இருந்தால், நீர் வடிந்தால், காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

5. கார்டை எங்கே போனாலும் கொண்டு போங்கள். அதை ஒரு போட்டோ எடுத்துப் பிள்ளைகள் எல்லோருடைய போனிலும் வையுங்கள். நோயாளியின் சொந்த போனை இடதுபக்கச் சட்டைப் பையில் வைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எங்கள் வாப்பாமார் வலியைச் சொல்லிப் பழகாதவர்கள். பிள்ளைகளுக்குச் செலவு, பிள்ளைகளுக்கு லீவு, பிள்ளைகளுக்குக் கரைச்சல் என்று நினைத்து மூச்சையும் ஒளிக்கிறார்கள். வாய் சொல்லாததை நடை சொல்லும். பள்ளிவாசலுக்குப் போகும்போது ஒரு நாள் பின்னால் நடந்து பாருங்கள்.

மெஷினோடு வாழ்கிற எல்லோருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தரட்டும். எங்கள் வாப்பாவையும் துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேவைப்படுகிறவர்களுக்கு இந்தப் பதிவைத் தாராளமாக அனுப்புங்கள், எங்கள் பெயர் போட வேண்டியதில்லை.